கேமராவில் பட்டவன் குற்றவாளி, படாதவன் உத்தமனா?

மக்களே, ரொம்ப நாளாக மனதுக்குள் கிடந்து உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம் இது. கொஞ்சம் நீளமாகத்தான் வரும். அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வரவும் :-)

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து நாலு வருடம் ஆகிறது. இந்த ஊரில் கால்பந்து பேசாமல் ஒரு பாண்ட டீ கூடக் குடிக்க முடியாது. எங்கள் கிளையின் தலைமைக் காசாளர் ஈஸ்ட் பெங்கால் பக்தர். அவர் அணி ஜெயித்தால் வீட்டில் இலிஷ் மீன். மோகன் பகான் ஜெயித்தால் எதிர் சீட்டுக்காரர் வீட்டில் இறால். இருவருக்கும் ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒற்றுமை. "தாதா, மனுஷன் பொய் சொல்வான், கேமரா பொய் சொல்லாது" என்பார்கள். (இங்கே தாதா என்றால் அண்ணன். நம்ம ஊர் அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு பயப்பட வேண்டாம்.)

கேமரா பொய் சொல்லாது, சரி. ஆனால் அது எங்கே பார்க்க வேண்டும், எதைத் திரும்பக் காட்ட வேண்டும், எத்தனை தடவை காட்ட வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்வது ஒரு மனுஷன்தானே? அந்த மனுஷனுக்குச் சம்பளம் கொடுப்பது டிவி கம்பெனி. அந்தக் கம்பெனிக்கு வேண்டியது பார்வையாளர்கள். நியாயம் அதன் வியாபாரத்தில் இல்லாத சரக்கு. இப்படிப்பட்ட ஒருவரைத்தான் கால்பந்து உலகம் முப்பது வருடமாக முதல் சாட்சியாகக் கூண்டில் ஏற்றி, அவர் கை காட்டிய ஆளைத் தூக்கில் போட்டுக்கொண்டிருக்கிறது. என் வழக்கு இதுதான்.

2006 உலகக் கோப்பையிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஜூன் 30, பெர்லின். காலிறுதியில் ஜெர்மனியும் அர்ஜென்டினாவும். 1-1 ஆகி, பெனால்டியில் ஜெர்மனி ஜெயித்தது. ஆட்டம் முடிந்த பிறகு மைதானத்தில் ஒரே தள்ளுமுள்ளு. அர்ஜென்டினாவின் குஃப்ரே ஜெர்மனியின் மெர்டெசாக்கரை உதைத்தார், அங்கேயே சிவப்பு அட்டை. இருபது முப்பது பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரண்ட கூட்டம் அது. யார் யாரை அடித்தார்கள் என்று அங்கே நின்றவர்களுக்கே தெரிந்திருக்காது.

ஜெர்மனியின் அடுத்த ஆட்டம் இத்தாலியுடன் அரையிறுதி. இந்த நேரத்தில் இத்தாலியத் தொலைக்காட்சியில் ஒரு காட்சி வருகிறது. ஜெர்மனியின் நடுகள வீரர் டோர்ஸ்டன் ஃப்ரிங்ஸ், அர்ஜென்டினாவின் ஹூலியோ குரூஸ் முகத்தை நோக்கிக் கையை வீசுகிறார். ஃபிஃபா விசாரித்தது. அரையிறுதிக்கு முதல் நாள் தீர்ப்பு: ஃப்ரிங்ஸுக்குத் தடை. ஜூலை 4, டார்ட்மண்டில் அவர் இடத்தில் கேல் ஆடினார். கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் வாங்கி ஜெர்மனி வெளியே போனது. இத்தாலி கோப்பையையே தூக்கியது.

ஃப்ரிங்ஸ் கை ஓங்கவில்லை என்று நான் வாதாடவில்லை. ஓங்கினார். என் கேள்வி வேறு. அந்தக் கூட்டத்தில் ஓங்கிய கை அது ஒன்றுதானா? மற்றக் கைகளைத் தேடிப் பார்க்க யாருக்கு அக்கறை இருந்தது? இத்தாலிய சேனல்காரனுக்கு, அடுத்து இத்தாலியுடன் ஆடப்போகும் ஜெர்மானியனின் கையைத் தேட எல்லாக் காரணமும் இருந்தது. அர்ஜென்டினா ஊருக்குக் கிளம்பிவிட்டது. அவர்கள் கையைத் தேடி அவனுக்கு என்ன லாபம்?

இதில் ஒரு தொழில்நுட்ப விஷயம் இருக்கிறது. உலகக் கோப்பை மாதிரிப் போட்டியில் எல்லா நாட்டுக்கும் போகும் பொதுவான ஒளிபரப்பு ஒன்று உண்டு. அதற்கு மேல், காசு உள்ள சேனல்கள் தங்களுக்கென்று தனிக் கேமராக்களையும் கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம். பொது ஒளிபரப்பு நடுநிலையாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். தனிக் கேமரா யாரைப் பார்க்கும்? அதைக் கொண்டுவந்தவன் யாரைப் பார்க்கச் சொல்கிறானோ அவனை.

இதை இத்தாலிக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இரண்டு வருடம் முன்னால் அவர்களே வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். 2004 யூரோ, ஜூன் 14, இத்தாலி - டென்மார்க். டோட்டி, டென்மார்க்கின் போல்சன் முகத்தில் துப்பினார். நடுவர் பார்க்கவில்லை. பார்த்தது டென்மார்க் தொலைக்காட்சியின் கேமரா. டோட்டிக்கு மூன்று ஆட்டத் தடை. துப்பியது அசிங்கம், தண்டனை சரி. ஆனால் அந்த ஆட்டம் முழுக்க டோட்டி மேல் கண் வைத்த மாதிரி போல்சன் மேல் யாராவது கண் வைத்தார்களா? டேனிஷ் டிவி எதற்கு டேனிஷ்காரனைப் பிடிக்கும்!

அதே போட்டியில் மூன்று நாள் கழித்து இதற்கு நேர் எதிரான கதை நடந்தது. சுவிட்சர்லாந்தின் அலெக்ஸாண்டர் ஃப்ரை, இங்கிலாந்தின் ஜெரார்ட் மேல் துப்பியதாகப் புகார். ஆதாரம் போதாது என்று யூஃபா முதலில் விட்டுவிட்டது. சுவிஸ் தொலைக்காட்சியிடம் இருந்த படம் அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது. வழக்கைத் திரும்பத் திறந்து ஃப்ரைக்கும் தடை போட்டார்கள். ஆக, எதிராளி நாட்டு டிவியிடம் மாட்டினால் உடனடித் தண்டனை, சொந்த நாட்டு டிவியிடம் மாட்டினால் கொஞ்சம் அவகாசம். ஒரே குற்றம், ஒரே போட்டி, ஒரே வாரம்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். எந்தக் கிளைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். கேஷ் கவுன்ட்டருக்கு மேலே கேமரா, நுழைவாயிலில் கேமரா, ஸ்ட்ராங் ரூம் வாசலில் கேமரா. கடன் பேரம் பேசும் மேலாளர் அறைக்குள்? பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஐந்நூறு ரூபாய்க் கட்டில் ஒரு தாள் குறைந்தால் காசாளருக்கு மெமோ வரும். கோடிக்கணக்கில் வராக்கடன் ஆன கையெழுத்து எந்த மேஜையில் போடப்பட்டது என்பதற்குப் பதிவே கிடையாது. கேமராப் பதிவை மட்டும் வைத்து வங்கி ஊழியர்களின் நேர்மையைப் பற்றிப் புள்ளிவிவரம் எடுத்தால், திருடர்கள் எல்லாரும் காசாளர்கள் என்றுதான் முடிவு வரும். (எங்கள் தலைமைக் காசாளரிடம் இதைச் சொன்னபோது மட்டும் கொஞ்ச நேரம் யோசித்தார்.)

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வங்கியில் ஒருவர் மேல் நடவடிக்கை எடுப்பதென்றால் சார்ஜ் ஷீட் கொடுக்க வேண்டும், பதில் சொல்ல நாள் கொடுக்க வேண்டும். விசாரணை அதிகாரி, பிரசென்டிங் ஆபீசர் என்று ஆளுக்கொரு பொறுப்பு. குற்றம் சாட்டப்பட்டவருக்கு உதவி செய்ய டிஃபன்ஸ் ரெப்ரசன்டேடிவ். எந்த ஆவணத்தை வைத்துக் குற்றம் சாட்டுகிறார்களோ அதைப் பார்வையிட அவருக்கு உரிமை உண்டு. நடைமுறையில் ஆயிரம் ஓட்டை இருக்கலாம், விதி அப்படித்தான். கால்பந்தில்? வெள்ளிக்கிழமை ஆட்டம், வார இறுதியில் டிவியில் ஓட்டம், திங்கட்கிழமை தீர்ப்பு, செவ்வாய்க்கிழமை அரையிறுதி. எடிட் செய்த சில நொடித் துண்டுதான் மொத்த ஆவணம். அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்று கேட்டால், "காட்சியில் இல்லை".

"கிரிக்கெட் பார்க்கிற நமக்கு எதற்கு இந்த ஐரோப்பிய வம்பு" என்று கேட்கப்போகிறவர்களுக்கு 2001 நவம்பரை ஞாபகப்படுத்துகிறேன். போர்ட் எலிசபெத் டெஸ்ட். சச்சின் பந்தின் தையலைக் கையால் சுத்தம் செய்யும் காட்சியைத் தென்னாப்பிரிக்க டிவியில் போட்டுப் போட்டுக் காட்டினார்கள். களத்தில் நின்ற அம்பயர்கள் புகார் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் மேட்ச் ரெஃப்ரி மைக் டென்னஸ் டிவி படத்தைப் பார்த்து சச்சினுக்குத் தண்டனை கொடுத்தார். சேவாக், கங்குலி, ஹர்பஜன் உட்பட மொத்தம் ஆறு இந்தியர்கள் மாட்டினார்கள். தேசமே கொதித்தது, பாராளுமன்றம் வரை போனது. அன்று நாம் கேட்ட கேள்வி என்ன? "எங்க பையன் கையை மட்டும் ஜூம் போட்டுக் காட்டினாயே, உங்க ஆளுங்க கையை எத்தனை தடவை காட்டினாய்?" அதே கேள்வியைத்தான் ஃப்ரிங்ஸுக்காகவும் டோட்டிக்காகவும் இப்போது கேட்கிறேன். நமக்கு வந்தால் ரத்தம், அவர்களுக்கு வந்தால் தக்காளிச் சட்னியா?

அடுத்தது ரூனி. 2011 ஏப்ரல் 2, வெஸ்ட் ஹாம் மைதானம். இரண்டு கோல் பின்தங்கியிருந்த மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு ரூனி ஹாட்ரிக் அடிக்கிறார். மூன்றாவது கோலுக்குப் பிறகு கேமரா அவர் முகத்துக்கு நேரே போகிறது. மனுஷன் வெறியில் அதைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டார். இங்கிலாந்து கால்பந்து சங்கமான எஃப்.ஏ. அவருக்கு இரண்டு ஆட்டத் தடை போட்டது. அதில் ஒன்று மான்செஸ்டர் சிட்டியுடன் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. யுனைடெட் 1-0 என்று தோற்றது.

வீட்டில் குழந்தைகள் பார்க்கும் நேரத்தில் கெட்ட வார்த்தை தப்புதான். என் பையனும் அதைப் பார்த்திருந்தால் எனக்கும் கோபம் வந்திருக்கும். ஆனால் இங்கிலாந்து மைதானங்களில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்த வார்த்தை எத்தனை ஆயிரம் முறை உச்சரிக்கப்படும்? நடுவர் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள், அதற்குப் பெரும்பாலும் மஞ்சள் அட்டைகூடக் கிடையாது. ரூனி செய்த குற்றம், அந்த வார்த்தையை மைக் இருக்கும் இடத்தில் சொன்னது. மைக்கைக் கொண்டுபோய் அவர் வாய்க்கு அருகில் வைத்தவன் யார்? கோல் அடித்தவன் முகத்தை நெருக்கமாகக் காட்டினால்தான் விளம்பரம் வரும் என்று தெரிந்த டிவி. "உணர்ச்சி வேண்டும், உணர்ச்சி வேண்டும்" என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். உணர்ச்சி கொஞ்சம் அதிகமாக வந்துவிட்டால் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். அரையிறுதியை இழப்பது வீரன்.

சரி, எதிர்க்கட்சி வாதத்துக்கு வருகிறேன். அதை ஒளித்துவைத்து ஜெயிப்பதில் எனக்கு விருப்பமில்லை.

1994 உலகக் கோப்பைக் காலிறுதி. இத்தாலியின் டசோட்டி, ஸ்பெயினின் லூயிஸ் என்ரிக்கே முகத்தில் முழங்கையால் இடித்து மூக்கை உடைத்தார். சட்டையெல்லாம் ரத்தம். நடுவர் பார்க்கவில்லை, ஃபவுல் கூட இல்லை. டிவிப் படத்தை வைத்து ஃபிஃபா பிறகு எட்டு ஆட்டத் தடை விதித்தது. 2014-ல் சுவாரெஸ், இத்தாலியின் கியெல்லினியின் தோளைக் கடித்தார். அதையும் நடுவர் பார்க்கவில்லை. ஒன்பது சர்வதேச ஆட்டங்கள், நாலு மாதம் கால்பந்தே கிடையாது என்று தடை. கேமரா இல்லாவிட்டால் இவர்கள் தப்பித்திருப்பார்கள். மூக்கு உடைந்தவனிடம் போய், "நடுவர் பார்க்கவில்லை தம்பி, விட்டுவிடு" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆகவே படத்தை ஆதாரமாக எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்த வழக்கை எடுப்பது, எதை விடுவது என்ற தேர்வை டிவி செய்யக் கூடாது என்கிறேன். இப்போது அந்தத் தேர்வு எப்படி நடக்கிறது? 2009 நவம்பரில் அயர்லாந்துக்கு எதிராக தியரி ஆன்ரி பந்தைக் கையால் தட்டிக் கொடுத்து, காலாஸ் கோல் போட்டு, பிரான்ஸ் உலகக் கோப்பைக்குப் போனது. உலகமே பார்த்தது. சுவாரெஸின் பல்லைப் போலவே ஆன்ரியின் கையும் பளிச்சென்று தெரிந்தது. ஃபிஃபா 2010 ஜனவரியில் நடவடிக்கை இல்லை என்று முடித்துவிட்டது. கையால் தொடுவது அவ்வளவு கடுமையான குற்றமில்லையாம், சட்டத்தில் இடமில்லையாம். சரி, அப்படியே இருக்கட்டும்.

அதே 2009 ஆகஸ்டில் ஆர்சனலின் எடுவார்டோ, செல்டிக் கோல்கீப்பர் அருகில் விழுந்து ஒரு பெனால்டி வாங்கினார். பிரிட்டிஷ் டிவிகளில் அந்த வாரம் முழுக்க அதே காட்சிதான். யூஃபா இரண்டு ஆட்டத் தடை போட்டது. பிறகு அப்பீலில் அவர்களே அதை ரத்து செய்தார்கள். நடுவரை ஏமாற்றிப் பெனால்டி வாங்கியதாக ஒருவருக்குத் தடை. நடுவரை ஏமாற்றி ஒரு தேசத்தையே உலகக் கோப்பையிலிருந்து வெளியே தள்ளியவருக்கு ஒன்றுமில்லை. இதில் எங்கே கோடு போடுகிறார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எஃப்.ஏ. கதை இன்னும் வேடிக்கை. அவர்களிடம் ஒரு பழைய கொள்கை இருந்தது. நடுவரோ லைன்ஸ்மேனோ சம்பவத்தைப் பார்த்திருந்தால் பிறகு அதைக் கிளறக் கூடாது. நல்ல கொள்கை, நடுவருக்கு மரியாதை. 2006-ல் மான்செஸ்டர் சிட்டியின் பென் தாட்சர், போர்ட்ஸ்மவுத்தின் மென்டெஸை முழங்கையால் அடித்து நினைவிழக்கச் செய்தார். நடுவர் பார்த்து மஞ்சள் அட்டை கொடுத்திருந்தார். கொள்கைப்படி அதோடு முடிந்திருக்க வேண்டும். டிவியிலும் பத்திரிகையிலும் எழுந்த கூச்சலில், "இது விதிவிலக்கு" என்று எட்டு ஆட்டத் தடை போட்டார்கள். 2013 மார்ச்சில் விகானின் மெக்மனமன், நியூகாஸிலின் ஹைடாரா முழங்கால் மேல் பூட்ஸைப் பதித்தார். பையனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். துணை நடுவர் ஒருவர் மோதலை ஓரளவு பார்த்திருந்தார் என்று சொல்லி, எஃப்.ஏ. நடவடிக்கை எடுக்கவில்லை. அதற்கும் கூச்சல் எழுந்தது, அடுத்த சீசனுக்கு விதியையே மாற்றினார்கள். ஒருமுறை கூச்சலுக்குப் பயந்து விதியை மீறினார்கள், இன்னொருமுறை கூச்சலுக்குப் பிறகு விதியைத் திருத்தினார்கள். ஸ்டூடியோவில் யார் உரக்கக் கத்துகிறார்கள் என்பதைப் பொறுத்துச் சட்டம் அசைந்தால் அதற்குப் பெயர் சட்டமா?

"அதெல்லாம் பழைய கதை சார், இப்போதுதான் வீடியோ நடுவர் வந்துவிட்டாரே" என்பீர்கள். வி.ஏ.ஆர். 2018 உலகக் கோப்பையில் வந்தது, 2019-ல் பிரீமியர் லீகுக்கும் வந்தது. அது டிவியின் பிடியைத் தளர்த்தும் என்று நானும் நம்ப ஆசைப்பட்டவன்தான். ஆனால் வீடியோ நடுவர் பார்ப்பது யாருடைய படத்தை? ஒளிபரப்பாளரின் படத்தை. 2018 ரஷ்யாவில் 33 ஒளிபரப்புக் கேமராக்களின் படம் வீடியோ நடுவர் அறைக்குப் போனது. அதில் சில சூப்பர் ஸ்லோ மோஷன். டிவிக்காரன் ரசிகனை மயக்கக் கண்டுபிடித்த ஆயுதம் அது. இப்போது நடுவரின் மேஜையில் இருக்கிறது.

ஸ்லோ மோஷன் என்ன செய்யும் தெரியுமா? 2018-ல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐரோப்பாவின் 88 உயர்மட்ட நடுவர்களுக்கு ஃபவுல் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். ஃபவுலா இல்லையா என்று சொல்வதில் சாதாரண வேகத்துக்கும் மெதுவான வேகத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அட்டை கொடுக்கச் சொன்னபோது, மெதுவாகப் பார்த்தவர்கள் அதிகக் கடுமையாகத் தண்டித்தார்கள். அதற்கு முன், 2016-ல் அமெரிக்காவில் வந்த ஆய்வும் இதையேதான் சொன்னது. ஒரு செயலை மெதுவாக ஓட்டிக் காட்டினால், செய்தவன் யோசித்து, வேண்டுமென்றே செய்த மாதிரி பார்ப்பவருக்குத் தோன்றுகிறது. நிஜத்தில் அவனுக்குக் கிடைத்த நேரம் அரை நொடி. திரையில் நாம் அவனுக்கு ஐந்து நொடி கொடுத்துவிட்டு, "இவ்வளவு நேரம் இருந்ததே, காலை இழுத்துக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்கிறோம்.

இது விதி எழுதியவர்களுக்கும் தெரியும். எந்த இடத்தில் தொட்டான் என்று பார்க்க மட்டும் மெதுவான காட்சி, எவ்வளவு வேகத்தில் மோதினான் என்று பார்க்கச் சாதாரண வேகம் என்று வி.ஏ.ஆர். நெறிமுறையிலேயே இருக்கிறது. நடப்பது என்ன? 2023 செப்டம்பர் 30, டாட்டன்ஹாம் - லிவர்பூல். கர்ட்டிஸ் ஜோன்ஸ் பந்தை ஆடினார், கால் பந்தின் மேல் வழுக்கி பிசூமாவின் கணுக்கால் மேல் போனது. நடுவர் மஞ்சள் அட்டை கொடுத்தார். வீடியோ அறை அவரைத் திரைக்கு அழைத்தது. அங்கே போனதும் அவர் கண்ணில் முதலில் பட்டது ஓடும் படம் அல்ல, பூட்ஸ் கணுக்காலில் பதிந்த நிலையில் உறைந்து நின்ற ஒரு படம். அதைப் பார்த்த பிறகு எந்த மனுஷன் மஞ்சளோடு நிற்பான்? சிவப்பு. லிவர்பூல் அப்பீல் போட்டும் மூன்று ஆட்டத் தடை நின்றது.

நம் நாட்டுக்கு வருவோம். ஐ.எஸ்.எல். ஆரம்பித்த 2014 முதலே அது டிவிக்காகப் பிறந்த போட்டி. நிறையக் கேமரா, நிறைய ரீப்ளே. ஆனால் 2024-25 சீசன் வரை வி.ஏ.ஆர். கிடையாது. அதாவது ரசிகனிடம் ஸ்லோ மோஷன் இருக்கிறது, நடுவரிடம் விசில் மட்டும்தான். இதைவிடக் கொடுமையான ஏற்பாடு இருக்க முடியாது. 2023 மார்ச் 3, பெங்களூரு கண்டீரவா மைதானம், பிளே-ஆஃப். கேரளா பிளாஸ்டர்ஸ் தடுப்புச் சுவர் அமைப்பதற்குள் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை அடித்துவிட்டார். கோல். பிளாஸ்டர்ஸ் அணி மைதானத்தை விட்டே வெளியேறியது. அடுத்த ஒரு வாரம் மொத்த நாடும் அந்தக் காட்சியை ஓட்டி ஓட்டிப் பார்த்து நடுவரைக் கிழித்தது. ஒரு நொடியில் முடிவெடுத்த அந்த மனுஷனுக்கு, ஒருமுறைகூடத் திருப்பிப் பார்க்க வசதி இல்லை. வெளியேறியதற்காக பிளாஸ்டர்ஸுக்கு நாலு கோடி அபராதம், பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டத் தடை. அது நியாயம்தான் என்பது என் கருத்து (கொச்சி நண்பர்கள் மன்னிக்க).

இதே கொல்கத்தாவில் மைதான் பக்கமோ பாராசாத்திலோ நடக்கும் லீக் ஆட்டங்களுக்குப் போய்ப் பாருங்கள். ஒன்றிரண்டு கேமரா பந்தின் பின்னால் ஓடும். பந்து இல்லாத இடத்தில் முழங்கை வீசினால் கடவுள்தான் சாட்சி. சால்ட் லேக்கில் பெரிய ஆட்டம் என்றால் எல்லா மூலையிலும் கண். ஒரே ஊரில், ஒரே குற்றத்துக்கு, கேமராவின் எண்ணிக்கையைப் பொறுத்துத் தண்டனை மாறுகிறது.

இதெல்லாம் பெரிய இடத்து விவகாரம் என்று விட்டுவிடலாம் என்றால், வியாதி கீழேயும் இறங்கிவிட்டது. அதுதான் என்னை எழுத வைத்தது. என் பையன் பதினைந்து வயதுக்குட்பட்டோர் அணியில் ஸ்டாப்பராக ஆடுகிறான். போன வருடம் எங்கள் வட்டாரத்தில் நடந்த குளிர்காலப் போட்டியில், எங்கள் குடியிருப்பு அணிக்கும் ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துப் பையன்கள் அணிக்கும் ஆட்டம். எங்கள் பக்கத்தில் குறைந்தது பத்துப் பெற்றோர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் நம் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அந்தப் பக்கம் ஒரு பெற்றோர்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு விடுமுறை இல்லை.

நடுவர் ஒரு மோதலைப் பார்த்து, ஃபவுல் கொடுத்து, பையனைக் கூப்பிட்டு எச்சரித்து ஆட்டத்தைத் தொடர்ந்தார். சாயங்காலம் எங்கள் பக்கத்து அப்பா ஒருவர் பன்னிரண்டு நொடி வீடியோவோடு கமிட்டியிடம் போனார். மெதுவாக ஓட்டிக் காட்டினார். அந்தப் பையனைப் போட்டி முழுவதற்கும் நீக்கிவிட்டார்கள். அதற்கு இரண்டு நிமிடம் முன்னால் எங்கள் அணிப் பையன் ஒருவன் அவன் கணுக்காலை மிதித்ததை நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தேன். கமிட்டியிடம் போய்ச் சொன்னேன். "வீடியோ இருக்கா சார்?" என்று கேட்டார்கள். அதை யாரும் எடுக்கவில்லை, எங்கள் பக்கத்தில் யார் எடுப்பார்கள்? அந்தப் பதினாலு வயதுப் பையனுக்கு அடுத்த ஞாயிறு அரையிறுதி இருந்தது. கோட்டுக்கு வெளியே செருப்போடு நின்று பார்த்தான்.

"உன் பையன் அணிக்கு எதிராகவே பேசுகிறாயே" என்று வீட்டிலும் வெளியிலும் கேட்டுவிட்டார்கள். எதிராகப் பேசவில்லை. நாளைக்கு வேறு ஊரில், கேமரா அந்தப் பக்கம் இருக்கும் ஒரு மைதானத்தில், என் பையன் நிற்பான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. படத்தை வைத்துத் தண்டிப்பதென்றால் துண்டுப் படம் செல்லாது, முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரை முழுப் பதிவும் வேண்டும். ஒரு நாட்டு சேனலின் தனிக் கேமராப் படம் வந்தால், அந்த சேனல் அன்று எடுத்த எல்லாப் படமும் மேஜைக்கு வர வேண்டும், தன் ஆட்கள் மாட்டும் படம் உட்பட. தண்டனையின் அளவை முடிவு செய்யும்போது சாதாரண வேகத்தில் மட்டும் ஓட்ட வேண்டும். எந்தச் சம்பவத்தை விசாரிப்பது என்ற பட்டியலை, அன்றிரவு ஸ்டூடியோக்காரர்கள் வாய் திறப்பதற்கு முன்னால், எல்லா ஆட்டத்தையும் ஒரே மாதிரி பார்த்து ஒரு குழு எழுதி மூடி வைக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பதில் சொல்ல நேரம் வேண்டும். அடுத்த ஆட்டம் நாளைக்கே என்றால் தண்டனை அதற்கடுத்த ஆட்டத்திலிருந்து தொடங்கட்டும், உலகம் முழுகிப் போகாது. மூக்கை உடைப்பது, கடிப்பது மாதிரிக் கேஸ்களுக்கு வேண்டுமானால் விதிவிலக்கு வைக்கலாம். அந்த விதிவிலக்கு எது எதுவென்று சீசன் ஆரம்பிக்கும் முன்பே எழுதியிருக்க வேண்டும்.

ஃபிஃபாவுக்கு நான் எழுதினால் யார் படிக்கப் போகிறார்கள். வட்டாரப் போட்டிக் கமிட்டிக்கு எழுதியிருக்கிறேன். விதித்தாளில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி: பெற்றோர் எடுக்கும் செல்போன் படம் எதுவும் ஆதாரமாகாது, நடுவர் அறிக்கை மட்டுமே செல்லும், இல்லையென்றால் இரண்டு பக்கமும் கமிட்டியே ஒரே மாதிரி கேமரா வைக்க வேண்டும். போன டிசம்பரில் நீக்கப்பட்ட அந்தப் பையனை இந்த வருடம் முதல் ஆட்டத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். எங்கள் குடியிருப்பில் கையெழுத்துப் போட இதுவரை மூன்று குடும்பங்கள் சம்மதித்திருக்கின்றன. பட்டியல் எங்கள் வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்து ஷெல்ஃபில் இருக்கிறது. பதிவு நேரம் தீபாவளிக்கு அடுத்த வாரம் முடிகிறது, அதற்குள் வந்து போடுங்கள்.